ஒரே வீட்டில் விண்டோஸ், லினக்ஸ், மேக்: வீட்டு நெட்வொர்க் சிக்கல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே மனதில் வைத்திருப்பது இப்படியொரு வீடு: சுவரில் இணைய நிறுவனம் மாட்டிய ஃபைபர் பெட்டி, கடையில் வாங்கிய ஒரு ரவுட்டர், விண்டோஸ் 11 லேப்டாப், லினக்ஸ் மின்ட் போட்ட பழைய டெஸ்க்டாப், ஒரு மேக்புக், நாலைந்து போன்கள், ஒரு வைஃபை பிரிண்டர். திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களை எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறோம். கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் உள்ளன. திரையில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எந்தச் சிக்கலானாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: கம்பி, முகவரி, பெயர், அனுமதி. "லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் ஒத்துவராது" என்று சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை கடைசி இரண்டில்தான் முடியும். வரிசையை விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் ரவுட்டரை ரீசெட் செய்தால், இருந்த ஒரு கோளாறு நாலாகிவிடும்.

1. நெட் வரலைன்னா முதல்ல எங்க பார்க்கணும்?

ஃபைபர் பெட்டியின் விளக்குகளை. எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உங்கள் வீடு வரை வந்து சேரவில்லை. வெளியே கம்பி அறுந்திருக்கலாம், பீரோவை நகர்த்தியபோது பெட்டிக்குப் பின்னால் மடங்கியிருக்கலாம். மடிப்பு இருந்தால் மெதுவாக நிமிர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்துக்குப் புகார் கொடுப்பது ஒன்றே வழி. அந்தப் பச்சை முனையைக் கழற்றித் துணியால் துடைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், ஒளி மங்கிவிடும்.

எல்.ஓ.எஸ். அணைந்திருந்து பான் விளக்கு நிலையாக எரிந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பெட்டிகளையும் அணைத்துவிட்டு முதலில் ஃபைபர் பெட்டியைப் போடுங்கள், மூன்று நிமிடம் கழித்து ரவுட்டரைப் போடுங்கள். கரண்ட் போய் வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் எழுந்து, ரவுட்டர் முந்திக்கொண்டு முகவரி கேட்டு ஏமாந்து நிற்பது அடிக்கடி நடப்பது. இதைத் தவிர்க்கச் சின்ன யு.பி.எஸ். வாங்கினால், அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு சரியாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

அதன் பிறகும் வரவில்லையென்றால் மூன்று பிங், அதாவது ஒரு முகவரியைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை (விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டிலும், லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலிலும் அடியுங்கள்). முதலில் பிங் 192.168.1.1, பல வீடுகளில் ரவுட்டரின் முகவரி இதுதான். அடுத்து பிங் 8.8.8.8, அதாவது வெளியுலகம். மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு பிங். எந்தப் படியில் நிற்கிறதோ கோளாறு அங்கே. விண்டோஸில் நாலு முறை அனுப்பிவிட்டுத் தானே நிற்கும். லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோல்-சி அழுத்தும்வரை ஓடும்.

2. என் கம்ப்யூட்டரோட ஐபி முகவரியை எங்க பார்க்கிறது? பார்த்து என்ன தெரிஞ்சுக்கிறது?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக். லினக்ஸில் டெர்மினலில் ஐபி ஏ. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் முகவரியோடு சிக்னல் அளவும் சேனலும் தெரியும்.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் ரவுட்டர் கொடுத்த முகவரி, நல்லது. 169.254 என்றால் யாருமே கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானாக வைத்துக்கொண்டது. இன்னொன்றும் பாருங்கள்: எல்லாக் கருவிகளிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 192.168.1, இன்னொன்றில் 192.168.0 என்றால் அவை வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு பார்வையிலிருந்துதான் தொடங்கும்.

3. 169.254-னு வருது, வைஃபை கனெக்டட்னு காட்டுது. எப்படி?

வைஃபை இணைப்பு வேறு, முகவரி வாங்குவது வேறு. பாஸ்வேர்ட் சரியாக இருந்ததால் உள்ளே விட்டார்கள். ஆனால் முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. சேவை பதில் சொல்லவில்லை. விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு ஐபிகான்ஃபிக் /ரின்யூ. லினக்ஸிலும் மேக்கிலும் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும். ஒரு கருவியில் மட்டும் மீண்டும் மீண்டும் வந்தால் அந்தக் கருவியில் "இந்த நெட்வொர்க்கை மற" கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். எல்லாக் கருவிகளிலும் வந்தால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

4. பிங் 8.8.8.8 போகுது, ஆனா ஒரு வெப்சைட்டும் திறக்கல.

பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். வேலை செய்யவில்லை. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். முகவரிகளாக 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கொடுத்துவிட்டு எல்லாக் கருவிகளையும் ஒருமுறை துண்டித்துச் சேர்த்தால் வீடு முழுக்கச் சரியாகிவிடும்.

ஒரே ஒரு கருவியில் மட்டும் என்றால் பழைய நினைவை அழியுங்கள்: விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ், உபுண்டு, மின்ட் இரண்டிலும் ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ். ஆண்ட்ராய்டு போனில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற இடத்தில் விளம்பரத் தடுப்புச் சேவை ஏதாவது எழுதி மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சேவை நின்றால் அந்த ஒரு போன் மட்டும் ஊமையாகிவிடும்.

5. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். கேபிள் மாட்டியும் 94-க்கு மேல ஏறவே மாட்டேங்குது.

94 என்ற அந்த எண்ணே விடை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஸ்பீட் டெஸ்ட் காட்டக்கூடிய உச்சம் ஏறக்குறைய அதுதான். ஆக, உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே எங்கோ 1000-க்குப் பதில் 100-இல் பேசிக்கொள்கிறார்கள். விண்டோஸில் ஈதர்நெட் செட்டிங்ஸில் "லிங்க் ஸ்பீட்" பாருங்கள். லினக்ஸில் ஈதிடூல் கட்டளையோடு உங்கள் கார்டின் பெயரைக் கொடுத்தால் ஸ்பீட் என்ற வரியில் இருக்கும்.

காரணம் பெரும்பாலும் கேபிள் முனை. 100 எம்பிபிஎஸ்-க்கு எட்டில் நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முனையை விளக்குக்கு நேரே, பிளாஸ்டிக் கொக்கி கீழே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று எட்டும் கடைசி விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு இழை உள்ளே தள்ளி நின்றால் அந்த ஜோடி பேசாது. இணைப்பு அறுகாது, விளக்கும் எரியும், வேகம் மட்டும் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் இது வருடக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கிறது. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். கேபிள் சரியென்றால் ரவுட்டரின் துளையையே சந்தேகியுங்கள்: விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் வைஃபை எண்கள் பெரிதாக அச்சிட்டிருந்தாலும் கேபிள் துளைகள் 100 தான்.

கூடவே ஒன்று. ஃபைல் காப்பி ஆகும்போது திரையில் தெரிவது மெகாபைட். பிளான் சொல்வது மெகாபிட். எட்டால் வகுங்கள். 100 எம்பிபிஎஸ் கேபிளில் நொடிக்கு 11 மெகாபைட், கிகாபிட்டில் 110 மெகாபைட் வந்தால் குறையேதும் இல்லை.

6. ஹால்ல நல்லா இருக்கு, பெட்ரூம்ல சிக்னல் செத்துப்போகுது.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, தூரம் போகும். சிக்னலை எண்ணாகப் பாருங்கள்: -50 என்றால் அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குப் போதும், -75-க்குக் கீழே போனால் தடுமாற்றம்தான். அடுக்குமாடியில் 2.4-க்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றையே வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டோடும் மோதும்.

ரிப்பீட்டர் வாங்குமுன் யோசியுங்கள். ஒரே அலையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகும். பெட்ரூம்வரை ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே வைப்பது மேல். மாட்டும் முறை அடுத்த பதிலில்.

7. ஃபைபர் பெட்டியிலயும் வைஃபை இருக்கு, என் ரவுட்டர்லயும் இருக்கு. ரெண்டுலயும் நெட் வருது. ஆனா ஒண்ணுல இருக்கிற பிரிண்டர் இன்னொண்ணுல தெரியல.

கலப்பு வீடுகளில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான், பலரும் விண்டோஸையோ லினக்ஸையோ தவறாகக் குற்றம் சொல்வதும் இங்கேதான். ஃபைபர் பெட்டியும் ஒரு ரவுட்டர். அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டும்போது வீட்டுக்குள் ஒரு வீடு கட்டிவிடுகிறீர்கள். உள்வீட்டிலிருந்து வெளிவீட்டுக்குப் போகலாம். வெளிவீட்டிலிருந்து உள்ளே வர முடியாது. அதனால் உங்கள் ரவுட்டரில் இருக்கும் லேப்டாப், ஃபைபர் பெட்டியில் இருக்கும் பிரிண்டரின் எண்ணுக்கு பிங் அடித்தால் பதில் வரும், ஆனால் பட்டியலில் தேடினால் தெரியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டுமே நடக்காது. "ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் உடனே இரண்டாம் பதிலில் சொன்ன முதல் மூன்று எண்களைப் பாருங்கள்.

தீர்வு இரண்டு. ஒன்று, ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்டு, பி.பி.பி.ஓ.ஈ. (நிறுவனத்தின் இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் ரவுட்டரில் போடுவது. இரண்டு, உங்கள் ரவுட்டரை வெறும் ஆக்சஸ் பாயின்ட் (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி) ஆக்குவது. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதே போதும், யாரையும் கேட்கத் தேவையில்லை.

ரவுட்டரில் "ஆக்சஸ் பாயின்ட் மோட்" இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம். லேப்டாப்பை அந்த ரவுட்டரோடு மட்டும் கேபிளில் இணைத்து, அதன் லேன் (வீட்டு நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஃபைபர் பெட்டி 192.168.1.1 ஆக இருந்தால்). டி.எச்.சி.பி.யை அணையுங்கள். பிறகு ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் துளையில் (வெளி இணைப்புக்கானது) அல்ல, லேன் துளை ஒன்றில் மாட்டுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவும், சேனல் வேறாகவும் இருக்கட்டும்.

8. திடீர்னு பாதி கருவிக்கு 192.168.0-ல முகவரி வருது, அதுல எல்லாம் நெட் இல்ல.

மேலே சொன்னதில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள்: லேன் துளையில் மாட்டிவிட்டு டி.எச்.சி.பி.யை அணைக்கவில்லை. இப்போது முகவரி கொடுக்க இரண்டு பேர். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததைக் கருவி எடுத்துக்கொள்ளும், அதனால் இன்று வேலை செய்யும் போன் நாளை செய்யாது. பழைய ரவுட்டரை யாராவது ரீசெட் செய்தாலும் டி.எச்.சி.பி. தானாக உயிர் பெறும்.

9. பிரிண்டர் வாரத்துக்கு ஒரு தடவை "ஆஃப்லைன்" ஆகுது. மேக்ல மட்டும் எப்பவும் பிரிண்ட் ஆகுது.

மேக் பிரிண்டரைப் பெயரால் தேடுகிறது. ஆப்பிளின் அச்சு முறையான ஏர்பிரிண்ட் அப்படித்தான் இயங்கும். விண்டோஸில் நிறுவிய விதத்தைப் பொறுத்து, அன்றைக்கு இருந்த எண் அப்படியே பதிந்துபோயிருக்கும். பிரிண்டரை அணைத்துப் போட்டபோது ரவுட்டர் வேறு எண் கொடுத்தால் விண்டோஸ் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50. பிறகு விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், "ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்" தேர்ந்து அந்த எண்ணைக் கொடுங்கள். டபிள்யூ.எஸ்.டி. என்று தொடங்கும் போர்ட்தான் அடிக்கடி ஆஃப்லைன் காட்டும்; அதை விட்டு விலகுங்கள். லினக்ஸில் பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 திறந்தால் அச்சு நிர்வாகப் பக்கம் வரும், அங்கே ஐ.பி.பி. முறையில் அதே எண்ணைச் சேர்க்கலாம்.

பிரிண்டரே வைஃபையில் சேர மறுத்தால் இரண்டு காரணம் பாருங்கள். நிறைய பிரிண்டர்களுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய பிரிண்டர் வராது, டபிள்யூ.பி.ஏ.2/3 கலப்பு முறைக்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் பிரிண்டரை ஒருபோதும் போடாதீர்கள். அங்கே கருவிகள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ளவற்றைப் பார்க்கக் கூடாது என்பதே ஏற்பாடு.

10. ஆபீஸ் விபிஎன் போட்டா வீட்டு பிரிண்டர் காணாம போயிடுது.

கெடவில்லை. போக்குவரத்து முழுவதையும் அலுவலகம் வழியாக அனுப்பும்படி அந்த விபிஎன் அமைக்கப்பட்டிருக்கிறது. மாற்றும் உரிமை அலுவலக ஐ.டி. பிரிவுக்கே உண்டு. பிரிண்ட் எடுக்கும்போது துண்டித்துச் சேருங்கள், அல்லது யு.எஸ்.பி. கேபிள் மாட்டுங்கள்.

11. லினக்ஸ்ல ஃபோல்டர் ஷேர் பண்ணிட்டேன். விண்டோஸ் "நெட்வொர்க்" பக்கத்துல வரவே இல்ல.

பட்டியலில் வராதது வேறு, திறக்காதது வேறு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் \\192.168.1.20 என்று லினக்ஸ் கம்ப்யூட்டரின் எண்ணை அடியுங்கள். திறந்தால் ஷேர் சரியாகவே இருக்கிறது. வலது சொடுக்கில் "மேப் நெட்வொர்க் டிரைவ்" கொடுத்துவிட்டுப் பட்டியலை மறந்துவிடலாம்.

பட்டியல் ஏன் காலி என்றால், பழைய விண்டோஸ் அதை எஸ்.எம்.பி.1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மூலம் சேகரித்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த எஸ்.எம்.பி.1-இன் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. இப்போது விண்டோஸ் வேறு முறையில் தேடுகிறது, லினக்ஸில் ஃபோல்டரைப் பகிரும் நிரலான சாம்பா அதற்குத் தானாகப் பதில் சொல்வதில்லை. லினக்ஸில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறிய நிரலை நிறுவினால் பெயர் பட்டியலில் வந்துவிடும். எஸ்.எம்.பி.1-ஐத் திரும்பப் போடச் சொல்லும் அறிவுரை எங்கே கண்டாலும் பின்பற்றாதீர்கள்.

எண்ணை அடித்தும் திறக்கவில்லையென்றால் அனுமதிப் படிக்கு வந்துவிட்டோம். விண்டோஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸில் "பப்ளிக்" என்றிருப்பதை "பிரைவேட்" ஆக்குங்கள். லினக்ஸில் யுஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவர் ஓடினால் சுடோ யுஎஃப்டபிள்யூ அலவ் சாம்பா. ஃபெடோராவில் தடுப்புச்சுவர் ஆரம்பத்திலிருந்தே இயங்கும், அதன் செட்டிங்ஸில் சாம்பாவைச் சேர்க்க வேண்டும்.

12. விண்டோஸ் லேப்டாப் பிங்குக்கே பதில் சொல்லல. அப்ப நெட்வொர்க்ல இல்லன்னுதானே அர்த்தம்?

இல்லை. நெட்வொர்க் பப்ளிக் என்று குறித்திருந்தால் விண்டோஸ் பிங்கைக் கண்டுகொள்ளாது. லினக்ஸும் ரவுட்டரும் சாதாரணமாகப் பதில் சொல்லும். எனவே சோதனையை விண்டோஸிலிருந்து மற்றவற்றை நோக்கிச் செய்யுங்கள், மற்றவற்றிலிருந்து விண்டோஸை நோக்கி அல்ல. இந்த ஒரு தவறான முடிவால் நல்ல கேபிளை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

13. பாஸ்வேர்ட் நூறு தடவை சரியா அடிச்சிட்டேன். ஏத்துக்க மாட்டேங்குது.

எந்தப் பக்கம் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் ஷேரைத் திறப்பதானால், சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்ட் பட்டியல் உண்டு. லினக்ஸில் உள்நுழையும் பாஸ்வேர்ட் அதற்குத் தெரியாது. சுடோ எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -ஏ என்று அடித்து, பக்கத்தில் உங்கள் லினக்ஸ் பயனர் பெயரைக் கொடுத்து, ஒருமுறை பாஸ்வேர்ட் வையுங்கள்.

லினக்ஸிலிருந்தோ மேக்கிலிருந்தோ விண்டோஸ் ஷேரைத் திறப்பதானால், நீங்கள் தினமும் அடிக்கும் நாலு இலக்கப் பின் அந்தக் கணினிக்கு உள்ளே மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வர மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழு பாஸ்வேர்ட் வேண்டும், சில சமயம் அதுவும் எடுபடாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து விடாது. தொல்லையில்லாத வழி: செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்குங்கள். பெயர் "வீடு" என்பதை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். ஃபோல்டரை அந்தப் பயனருக்கு ஷேர் செய்யுங்கள்.

ஒருமுறை தப்பாக அடித்ததை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொண்டு அதையே அனுப்பிக்கொண்டிருப்பதும் உண்டு. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து அந்தக் கம்ப்யூட்டரின் பதிவை நீக்குங்கள். மேக்கிலிருந்து ஷேர் செய்வதானால் ஃபைல் ஷேரிங் ஆப்ஷன்ஸில் "விண்டோஸ் ஃபைல் ஷேரிங்" என்பதன் கீழ் உங்கள் கணக்கைத் தனியாக டிக் செய்ய வேண்டும். அதைச் செய்யாதவரை மேக்குக்கு மேக் திறக்கும், விண்டோஸில் திறக்காது.

14. விண்டோஸ் அப்டேட் ஆனதிலிருந்து ரவுட்டர்ல சொருகின பென்டிரைவ் திறக்கல.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, எஸ்.எம்.பி. இணைப்பில் ஒவ்வொரு தகவலும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட வழியே இல்லை. ரவுட்டர் யு.எஸ்.பி. ஷேர்கள் பல விருந்தினர் முறையிலோ, பழைய எஸ்.எம்.பி.1-இலோ ஓடுபவை.

ரவுட்டர் பக்கத்தில் பயனர் பெயர், பாஸ்வேர்ட் வைக்கும் இடம் இருந்தால் வைத்துப் பாருங்கள். ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) இருந்தால் ஏற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த பென்டிரைவை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் சொருகி 13-ஆம் பதிலில் உள்ளபடி சாம்பா மூலம் பகிருங்கள். விண்டோஸில் அந்தப் பாதுகாப்பை அணைக்கவும் கட்டளை உண்டு. ஒரு பென்டிரைவுக்காக அதைச் செய்வது சரியில்லை.

15. மேக்ல டெர்மினல்ல பிங் போகுது, ஆனா குரோம்ல ரவுட்டர் பக்கம் திறக்கல.

மேக் ஓஎஸ் 15, அதாவது 2024-இல் வந்த செக்கோயாவிலிருந்து, ஒவ்வொரு செயலியும் வீட்டு நெட்வொர்க்கைத் தொட அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தபோது யாரோ "வேண்டாம்" அழுத்தியிருப்பார்கள். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லோக்கல் நெட்வொர்க் போய் குரோமை இயக்குங்கள். டெர்மினலுக்கு இந்தத் தடை கிடையாது, அதனால்தான் பிங் மட்டும் போனது. ஐபோனில் இதே அனுமதி 2020-இன் ஐஓஎஸ் 14-இலிருந்து இருக்கிறது.

16. போனுக்கு எண் ஒதுக்கினேன், நிக்கவே மாட்டேங்குது.

9-இல் சொன்ன ஒதுக்கீடு கருவியின் மேக் முகவரியை வைத்து நடக்கிறது. (ஆப்பிள் மேக் வேறு, இது கருவியின் வன்பொருள் எண்.) ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் பொய்யான மேக் முகவரியைக் காட்டும். வெளியிடங்களில் நம்மை யாரும் பின்தொடராமல் இருக்க அது நல்லதே. வீட்டு வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள்: ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் பிரைவசி பகுதியில் "டிவைஸ் மேக்" தேர்ந்தெடுங்கள், ஐபோனில் "பிரைவேட் வைஃபை அட்ரஸ்" ஆஃப்.

17. ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸும் லினக்ஸும் இருக்கு. விண்டோஸ்லேர்ந்து வந்தா லினக்ஸ்ல வைஃபை இல்ல. லினக்ஸ்லேர்ந்து போனா விண்டோஸ்ல கடிகாரம் தப்பு.

இரண்டும் தனித்தனிக் காரணம். விண்டோஸின் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" உண்மையில் முழுதாக அணைப்பதில்லை. வைஃபை கார்டைப் பாதித் தூக்கத்தில் விட்டுப் போகும், லினக்ஸால் அதை எழுப்ப முடியாமல் போகலாம். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் அதை அணையுங்கள். விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறப்பதற்கும் இதுவே காரணம்.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் மதர்போர்டில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. நேரம் தப்பினால் சில தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நெட் கெட்டதுபோல் ஏமாற்றும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று ஒருமுறை அடித்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

18. வெளியூர்லேர்ந்து வீட்டு சிசிடிவி பார்க்க போர்ட் ஃபார்வர்ட் பண்ணேன். வரல.

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கிறது. உங்கள் வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், தெருமுனைக் கதவு நிறுவனத்திடம் இருக்கிறது. 192.168 என்றிருந்தால் 7-இல் சொன்ன வீட்டுக்குள் வீடு.

நிலையான பொது முகவரியைக் கட்டணம் கட்டி வாங்கலாம். அதைவிட, டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன்னை லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் போனிலும் போடுவது நல்லது. அது உள்ளிருந்து வெளியே தொடர்பு கொள்வதால் பங்கு முகவரி தடையாகாது, கேமராவும் ஊருக்குத் திறந்து கிடக்காது. எது எப்படியானாலும் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

19. தமிழ்ப் பேர் வச்ச ஃபைல் ரெண்டு ரெண்டா தெரியுது. பார்க்க ஒரே பேர். தேடினா கிடைக்கல.

பழைய மேக் டிஸ்க் எதையாவது லினக்ஸுக்கு நகலெடுத்திருக்கிறீர்களா? அங்கேதான் தொடங்குகிறது. யூனிகோடில் "ோ" என்ற குறியை இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக. ொ, ௌ இரண்டுக்கும் இதே கதை. பழைய மேக் டிஸ்க் வடிவமான எச்.எஃப்.எஸ். பிளஸ் பிரித்து எழுதிவைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்த்து எழுதப்படும். "போட்டோ" என்ற ஃபோல்டர் சேர்த்து எழுதினால் 18 பைட், பிரித்து எழுதினால் 24 பைட். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு இரண்டு. "கணக்கு" என்ற ஃபோல்டரில் இந்தச் சிக்கல் வராது, அதில் பிரியக்கூடிய குறி இல்லை.

லினக்ஸில் கான்வ்எம்வி என்ற பெயர் மாற்றும் நிரலை நிறுவி, அந்த ஃபோல்டருக்குள் சென்று கான்வ்எம்வி -ஆர் -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். முதலில் என்ன செய்யப்போகிறது என்று காட்டுமே தவிர எதையும் மாற்றாது. பட்டியல் சரியாகப் பட்டால் அதே கட்டளையில் --நோடெஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். அதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: விண்டோஸில் இருந்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸுக்கு நகலாகும்போது "பெயர் மிக நீளம்" என்று நின்றுவிடும். விண்டோஸ் குறிகளை எண்ணுகிறது, 255 வரை விடும். லினக்ஸ் பைட்டை எண்ணுகிறது, அதற்கும் எல்லை 255 தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போவதால் 85 குறிக்குமேல் இடமில்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் ஐம்பது எழுத்துக்குள்ளேயே எல்லை வந்துவிடும். கல்யாண வீடியோவுக்கு மணமக்கள் பெயர், மண்டபம், தேதி எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதாமல் ஃபோல்டருக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள்.